கீரைக் கடைசலும் பச்சை பாட்டிலும்

நேற்று முளைக்கீரை வேகும்போதே அவசரத்தில் புளியை ஊற்றி மூடியும் போட்டுவிட்டேன். திறந்து பார்த்தால் போலீஸ் காக்கி! அம்மாவிடம் போனில் சொன்னால், "புளியை யாருடி முதல்லயே ஊத்தச் சொன்னது?"

அம்மாவுக்கு வேதியியல் தெரியாது, ஆனால் விஷயம் அதேதான். இலைக்கு நிறம் தரும் பச்சையத்தின் (குளோரோபில்) நடுவில் ஒரு மெக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. சூடும் புளிப்பும் சேர்ந்தால் அது கழன்றுவிடும், அங்கே ஹைட்ரஜன் ஏறிக்கொள்ளும். பச்சை போய் மங்கிய பழுப்பு. கீரையிலேயே கொஞ்சம் அமிலம் உண்டு, அது ஆவியோடு போகட்டும் என்றுதான் திறந்து வைத்து வேக விடுவது. சோடா உப்பு போட்டால் பச்சை நிற்கும்தான். ஆனால் கீரை கொழகொழவென்றாகி வைட்டமின் சியும் போய்விடும்.

மெக்னீசியம் இருந்த இடத்தில் செம்பை வைத்துவிட்டால் பச்சை லேசில் போகாது. உணவு நிறமிகளில் இ141 என்பது இந்தச் செம்புப் பச்சைதான். கடைகளில் 'குளோரோபில் சொட்டு' என்று விற்கும் பாட்டில்களின் லேபிளைப் படியுங்கள், பெரும்பாலும் சோடியம் காப்பர் குளோரோபிலின் என்றுதான் இருக்கும், அதாவது தண்ணீரில் கரையும்படி மாற்றிய செம்புப் பச்சை. இலையின் பச்சையம் தண்ணீரில் கரையவே கரையாது, அப்புறம் எப்படிச் சொட்டு விடுவது? விலையைப் பார்த்ததும் நான் கீரைக்காரம்மாவிடமே திரும்பிவிட்டேன்.

கீரையைக் கசக்கி ஸ்பிரிட்டில் ஊறவைத்து, இருட்டில் கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை அடித்துப் பாருங்கள். பச்சைச் சாறு ரத்தச் சிவப்பாக ஒளிரும். என் பையன் இரண்டு நாளாகக் கீரையைத் தொடவில்லை.