ஒரு பாட்டில் குளத்து நீரில் சூழலியல் அடுக்குகள்

விடுமுறை நாள்களில் உயர்நிலை வகுப்புப் பிள்ளைகள் சிலரோடு உட்கார்ந்து அறிவியல் செய்து பார்ப்பது என் பொழுதுபோக்கு. இந்த முறை எடுத்துக்கொண்டது சூழலியலின் அடுக்குகள். தனி உயிரி, இனக்கூட்டம், சமுதாயம், சூழல் மண்டலம், பயோம், உயிர்க்கோளம் என்று வரிசையை எல்லோரும் கடகடவென ஒப்பிக்கிறார்கள். "சரி, இந்தக் குளத்தில் இனக்கூட்டம் எது, காட்டு" என்றால்தான் பேச்சு நின்றுவிடுகிறது. அதனால் வட்டத்துக்குள் வட்டம் வரைவதை விட்டுவிட்டு, ஒவ்வோர் அடுக்குக்கும் அங்கே மட்டுமே கேட்கக்கூடிய ஒரு கேள்வியைக் கொடுத்துப் பார்த்தேன்.

வாயகன்ற கண்ணாடி பாட்டில்கள், குளத்து நீர், அடியில் கொஞ்சம் சேறு, மேலே லெம்னா என்கிற மிதக்கும் குட்டிச் செடி. கொசு முட்டையிடாமல் இருக்க வாயில் வலைத்துணி. இவ்வளவுதான்.

தனி உயிரியை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தால், அங்கேயேதான் அதிக நேரம் போனது. லெம்னாவில் ஓர் இலைத்தட்டின் ஓரத்திலிருந்தே அடுத்த தட்டு முளைக்கும்; கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டிருந்து பிறகு பிரியும். மூன்று தட்டு ஒட்டியிருந்தால் அது ஒரு செடியா, மூன்றா? பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் தனி வேர் இருப்பதை லென்ஸில் பார்த்த பிறகு, தட்டு ஒவ்வொன்றையும் ஒன்றாக எண்ணுவது என்று முடிவானது. எதை 'ஒன்று' என்கிறோம் என்று தீர்மானிக்காமல் எண்ணவே முடியாது என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எண்ணத் தொடங்கியதுமே இனக்கூட்டம், அதாவது ஓரிடத்தில் வாழும் ஒரே இன உயிரிகளின் கூட்டம், வந்துவிட்டது. நல்ல வெளிச்சமும் சத்தும் கிடைத்தால் லெம்னா இரண்டு மூன்று நாளில் இரட்டிப்பாகும். எங்கள் பாட்டிலில் அந்த வேகம் இல்லை. ஆனாலும் வரைபடம் மேலே வளைந்து ஏறி, நீர்ப்பரப்பு நிரம்பியதும் படுத்துக்கொண்டது. பிறப்பு, இறப்பு, அடர்த்தி எல்லாம் இங்கே மட்டும் பொருள்படுகிற சொற்கள். ஒற்றைத் தட்டுக்கு அடர்த்தி ஏது?

அப்புறம் சில பாட்டில்களில் நத்தைகளை விட்டோம். கண்ணாடியில் படிந்த பாசி குறைந்தது. மேலே லெம்னா மூடியதால், கீழே நீருக்குள் வளரும் ஹைட்ரில்லா என்கிற செடிக்கு வெளிச்சம் போதவில்லை. யார் யாரைத் தின்கிறார், யார் யாருடைய இடத்தைப் பிடிக்கிறார் என்பது சமுதாயத்தின் கேள்வி.

பெரும்பாலான பிள்ளைகள் குழம்புவது சமுதாயத்துக்கும் சூழல் மண்டலத்துக்கும் நடுவில்தான். இதற்கு இரண்டு பாட்டில் போதும். இரண்டிலும் அதே செடிகள், அதே நத்தைகள். ஒன்றை மட்டும் கறுப்புத் தாளால் சுற்றி வைத்தோம். திறந்தபோது லெம்னா மஞ்சளாகியிருந்தது, சேற்றிலிருந்து நாற்றம், நத்தைகள் நீர்மட்டத்துக்கு ஏறி ஒட்டியிருந்தன. உயிரினப் பட்டியல் ஒன்றே. மாறியது வெளிச்சம், அதைத் தொடர்ந்து நீரில் கரைந்த ஆக்சிஜன். 1935-இல் பிரிட்டிஷ் சூழலியலாளர் ஆர்தர் டான்ஸ்லி வற்புறுத்தியதும் இதைத்தான்: உயிரினங்களையும் அவற்றின் பௌதிகச் சூழலையும் பிரித்து வைத்துப் பேச முடியாது. கூடவே மழைநீர் மட்டும் ஊற்றிய ஒரு பாட்டிலும் இருந்தது. அதில் லெம்னா வெளிறி, வேர் மட்டும் நீண்டுகொண்டே போனது. சத்தைத் தேடும் வேர். என் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் அழகான பாட்டில்.

பயோம் என்பது பாலைவனம், மழைக்காடு போல ஒரே வகைத் தட்பவெப்பம் கொண்ட பெரும் பரப்பு. அதை இப்படிச் செய்து காட்ட வழி இல்லை. மழையளவு, வெப்பநிலை வரைபடங்களைக் காட்டிவிட்டு நகர்ந்தேன்.

பூமியில் உயிர்கள் வாழும் பகுதி முழுவதும் சேர்ந்த உயிர்க்கோளத்துக்கு பயோஸ்பியர் 2 கதை கைகொடுத்தது. 1991-இல் அமெரிக்காவின் அரிசோனாவில், காடு, குட்டிக் கடல், வயல் எல்லாம் அமைத்த மூடிய கண்ணாடிக் கட்டடத்துக்குள் எட்டுப் பேர் இரண்டு ஆண்டு வாழப் போனார்கள். ஏறத்தாழ 21 சதவீதமாக இருந்த ஆக்சிஜன் 14 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. வெளியிலிருந்து செலுத்த வேண்டியதாயிற்று. "அவ்வளவு செடி இருந்தும் ஏன்?" என்று ஒரு பெண் கேட்டாள். வளமான மண்ணில் நுண்ணுயிரிகள் சுவாசித்து ஆக்சிஜனைத் தின்றன. வெளிவந்த கார்பன் டை ஆக்சைடு செடிகளுக்குத் திரும்பிப் போயிருந்தால் ஆக்சிஜனும் திரும்பியிருக்கும். ஆனால் அதில் பெரும்பகுதியைக் கட்டடத்தின் கான்கிரீட்டே உறிஞ்சிக் கால்சியம் கார்பனேட்டாகப் பூட்டி வைத்துக்கொண்டது. பாறையும் காற்றும் கணக்கில் வரும் அடுக்கு இது என்று விளங்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த குழுவோடு இதையே செய்யும்போது, கறுப்புத் தாள் சுற்றும் முன்பே என்ன நடக்கும் என்று எழுதி வாங்கப்போகிறேன். மிஞ்சிய லெம்னாவை யாரும் வாய்க்காலில் கொட்ட வேண்டாம். வேறு நீர்நிலைக்குப் போனால் அங்கேயும் மூடிவிடும். வெயிலில் நன்றாகக் காயவைத்து எருக்குழியில் போட்டோம். நத்தைகளைப் பிடித்த குளத்திலேயே திரும்ப விட்டாயிற்று.