பிடுங்கு

செடியை வேரோடு இழுத்து எடுப்பதற்குத்தான் பிடுங்குதல். மண் ஈரமாக இருக்கணும், அதுதான் முக்கியம். காய்ந்த மண்ணில் கடலைச் செடியைப் பிடுங்கினால் செடி கையோடு வரும், காய் பாதி மண்ணுக்குள்ளேயே அறுந்து நின்றுவிடும், அப்புறம் களைக்கொத்தோடு உட்கார்ந்து கிளற வேண்டியதுதான். நாற்று அப்படியில்லை, நாற்றங்காலில் தண்ணீர் நிற்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து இழுத்து, வேர்ச் சேற்றைத் தண்ணீரிலேயே அலசி, முடியாகக் கட்டிப் போடுவார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் இதை நாற்றுப் பறிப்பது என்பார்கள். பூவுக்கும் பறிப்பதுதான், ஆனால் அங்கே வேர் போகாது.

வயலைவிட்டு வெளியே வந்தால் இந்தச் சொல் ரொம்ப முரடு. பல்லைப் பிடுங்குகிறோம், பதவியைப் பிடுங்குகிறார்கள், கொசு பிடுங்கி எடுக்கிறது, கடன்காரன் பிடுங்கல் தாங்கவில்லை. எல்லாவற்றிலும் ஒரு வலி இருக்கிறது. ‘என்ன பெரிசா புடுங்கிட்டே’ என்பதை மட்டும் பெரியவர்கள் எதிரில் சொல்லாதீர்கள், அதில் சொல்லாமல் விட்ட சொல் எது என்று எல்லாருக்கும் தெரியும்!

எனக்குப் பிடித்தது குறள் 550. கொடியவர்களை அரசன் தண்டிப்பது ‘பைங்கூழ் களைகட் டதனொடு நேர்’ என்கிறார் வள்ளுவர். அங்கே பைங்கூழ் என்றால் பசும்பயிர், களைகட்டல் என்றால் களை பிடுங்குவது. இன்றைக்குத் திருவிழா களைகட்டியது என்று எழுதுகிறோமே, அந்தக் களை வேறு, முகக்களையில் வரும் களை.