டபிள்யூடிஎம்-2 மாடல்: 87-ஆல் வகுத்தால் மட்டும் போதாது

டபிள்யூடிஎம்-2 டீசல் லோகோவை (ரயில் எஞ்சினை) எச்ஓ அளவில், அதாவது 1:87-இல், பிளாஸ்டிக் தகட்டிலிருந்து கட்டுவது பற்றிய பதிவு இது. அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் வடிவமைத்த டிஎல்560சி தான் நம் ஊரில் டபிள்யூடிஎம்-2 ஆனது. 1962-இல் இறக்குமதியாக வந்து, 1964 முதல் வாரணாசியில் தயாரானது. 16 சிலிண்டர் 251பி எஞ்சின், 2600 குதிரைத்திறன். ஈரோடு, பொன்மலை ஷெட் (லோகோ பணிமனை) எழுத்துகளோடு இதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, கடையில் கிடைக்கும் எந்த அமெரிக்க மாடலும் அதன் இடத்தை நிரப்பாது. கட்டித்தான் ஆக வேண்டும்.

முதலில் அளவுகள். பஃபர் (இரு முனைகளிலும் மோதலைத் தாங்கும் கட்டை) முனைகளுக்கு இடையே நீளம் 17,120 மி.மீ.; மாடலில் 196.8. அகலம் 2864, மாடலில் 32.9. உயரம் 4185, மாடலில் 48.1. புதுச் சக்கரத்தின் விட்டம் 1092, மாடலில் 12.55. பஃபர்களின் மையங்களுக்கு இடையே 1956, மாடலில் 22.5. இந்த ஐந்தையும் பணிமேசைக்கு மேல் ஒட்டி வையுங்கள். மற்ற அளவுகளைப் புகைப்படத்திலிருந்து எடுக்க வேண்டியிருக்கும்.

புகைப்படத்திலிருந்து அளவெடுக்கும்போது பலரும் சக்கரத்தை அளவுகோலாகக் கொள்கிறார்கள். சக்கரம் தேயும்; 1092-இல் தொடங்கி 1016 வரை இறங்கும். தேய்ந்த சக்கரத்தை 1092 என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஹூட் (எஞ்சினை மூடும் நீள் கூடு) முழுவதும் 7 சதவீதம் பெருத்துவிடும். மாடலில் அது 14 மி.மீ. நீளப் பிழை. ஆகவே மொத்த நீளத்தையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். படத்தைத் தொலைவில் நின்று, நீண்ட லென்ஸில், லோகோவுக்கு நேர் செங்குத்தாக எடுக்க வேண்டும். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றல்ல, ஹூட் கதவுகள் மாறும், இரண்டையும் எடுங்கள். ஒரே எண், ஒரே காலகட்டம் என்பதிலும் கறாராக இருங்கள். வாக்யூம் பிரேக் மட்டும் இருந்த லோகோ பிறகு ஏர் பிரேக்கும் பெற்றிருக்கும், விளக்குகள் மாறியிருக்கும். 1970-களின் வண்ணத்தில் 1990-களின் முகப்பு இருந்தால், தெரிந்தவர் கண் நேராக அங்கேதான் போகும்.

அடுத்தது கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையேயான அகலம். நம் அகலப்பாதை 1676 மி.மீ.; 87-ஆல் வகுத்தால் 19.26. எச்ஓ தண்டவாளமோ 16.5, அது 1435 மி.மீ. பாதைக்கானது. கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கப் போகும் மாடல் என்றால் அச்சுகளை நீட்டி 19.3-க்குத் தண்டவாளம் போடலாம். ஓட வேண்டுமென்றால் 16.5-ஐ ஏற்றுக்கொள்ளுங்கள். நம்மூரில் ரயில் பெட்டியையே போகி என்பார்கள்; இங்கே நான் சொல்வது சக்கரங்களைத் தாங்கும் கீழ்ச்சட்டகத்தை. சக்கரம் உள்ளே போய்விட்டதே என்று போகியின் பக்கச் சட்டங்களையும் உள்ளே தள்ளிவிடாதீர்கள். சட்டங்கள் உண்மை அகலத்திலேயே நிற்கட்டும். சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் பக்கத்துக்கு ஏறத்தாழ 1.4 மி.மீ. கூடுதல் இடைவெளி வரும். சக்கரத்தின் முகத்தையும் சட்டத்தின் உட்புறத்தையும் அடர்பழுப்பாக அடித்துவிட்டால் பக்கத்திலிருந்து அது தெரியாது. சட்டத்தை உள்ளே இழுத்தால் லோகோவே குறுகிய கால்களில் நிற்பது போலாகிவிடும். நம்மூரில் ரயில் பெட்டியையே போகி என்பார்கள்; இங்கே நான் சொல்வது சக்கரங்களைத் தாங்கும் கீழ்ச்சட்டகத்தை.

மோட்டாரும் போகிகளும் அடங்கிய சேஸிஸைப் புதிதாகக் கட்டுவது வேறு பெரிய வேலை. அட்லஸ் வெளியிட்ட ஆல்கோ ஆர்எஸ்டி-4/5 எச்ஓ மாடலின் சேஸிஸ் நல்ல தொடக்கம். மூன்று அச்சும் சம தூரத்தில் இல்லாத ட்ரைமவுண்ட் போகி அதிலும் உண்டு. டபிள்யூடிஎம்-2 போகியின் முகமே அந்தச் சமமின்மைதான். இரண்டு போகிகளும் கண்ணாடிப் பிம்பம் போல எதிரெதிராக நிற்க வேண்டும். ஒரே திசையில் மாட்டிவிடுவது எளிதில் நேரும் தவறு. பெயின்ட் அடித்த பிறகுதான் கண்ணில் படும். அமெரிக்கச் சக்கரம் 40 அங்குலம், அதாவது 1016 மி.மீ. நம் தேய்ந்த சக்கரத்தின் கடைசி அளவும் அதுவே. ஆகவே அதை மாற்றத் தேவையில்லை. ஆனால் புதுச் சக்கரத்துக்கான உயரத்தில் உடலை வைக்க, உடல் உட்காரும் இடத்தில் 0.4 மி.மீ. உயர்த்துங்கள். போகி மையங்களுக்கு இடையேயான தூரத்தை வெர்னியர் காலிபரால் அளந்து உங்கள் வரைபடத்தோடு ஒப்பிட்ட பிறகே தகட்டில் கத்தி வையுங்கள். வெறும் சேஸிஸை முன்னும் பின்னும் அரை மணி நேரம் வீதம் ஓட்டிப் பாருங்கள். அதில் உள்ள குறை உடலை மாட்டியதும் இரட்டிப்பாகும்.

உடலுக்கு ஸ்டைரீன் தகடு. ஹூட் பக்கங்களுக்கு 1 மி.மீ., கேபுக்கு (ஓட்டுநர் அறைக்கு) 0.75, கதவுகளுக்கு 0.13. இந்தக் கடைசி எண்ணில்தான் முழு வேலையின் நுணுக்கமும் இருக்கிறது. அசலில் 3 மி.மீ. தகட்டுக் கதவு 87-ஆல் வகுத்தால் 0.035 மி.மீ. ப்ரைமர், நிறம், வார்னிஷ் மூன்றும் சேர்ந்தால் பெயின்ட் மட்டுமே 0.08 மி.மீ. வரலாம், அசலில் அது 7 மி.மீ. இரும்புக்குச் சமம். சரியான அளவில் செய்த கதவு பெயின்டுக்கு அடியில் மூழ்கிப் போகும். ஆகவே கதவை 0.13-இல் வெட்டி ஒட்டுங்கள். கணக்கில் அது 11 மி.மீ. தடிமன், ஆனால் பெயின்டுக்குப் பிறகு விளிம்பில் சரியான நிழல் விழும். கைப்பிடிக்கு இது நேர்மாறு. அசல் குழாய் 30 முதல் 35 மி.மீ. என்று வைத்தால் 0.35 முதல் 0.4 வரை, 0.4 கம்பியே கிடைக்கிறது. அதை 0.6 ஆக்கினால் மாடல் உடனே பொம்மையாகிவிடும். எங்கே கூட்ட வேண்டும், எங்கே கூட்டக் கூடாது என்பதை ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாகத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஹூட்டின் மேல்விளிம்பு வளைவுதான் ஆல்கோ முகத்தைத் தருகிறது. பக்கத் தகடும் கூரைத் தகடும் சந்திக்கும் மூலையில் உட்புறமாக 2 மி.மீ. சதுரப் பட்டையை முழு நீளத்துக்கும் ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் காய விட்டு, பிறகு வெளியே அரத்தால் சரித்து உப்புத்தாளால் உருட்டுங்கள். முதலில் 240, பிறகு 400, கடைசியில் 800. தேவையான வளைவின் எதிர்வடிவத்தைத் தகட்டில் வெட்டி அளவச்சாக வைத்துக்கொண்டு, 20 மி.மீ.க்கு ஓரிடத்தில் சரிபார்க்க வேண்டும். கையை நம்பினால் நடுவில் மெலிந்து முனையில் தடித்துப் போகும். உள்ளே 30 மி.மீ.க்கு ஒரு குறுக்குத் தடுப்பு வையுங்கள். இல்லாவிட்டால் பக்கங்கள் உள்வாங்கும்.

உள்வாங்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு, அது மெதுவாக வரும். இரண்டு தகடுகளைப் பரப்போடு பரப்பாக ஒட்டும்போது பசையிலுள்ள கரைப்பான் நடுவில் சிக்கிக்கொள்கிறது. வெளியேற வழியில்லாமல் வாரக்கணக்கில் பிளாஸ்டிக்கை மென்மையாக்கிக்கொண்டே இருக்கும். பெயின்ட் முடிந்து ஒரு மாதம் கழித்துப் பக்கம் வாழைப்பழம் போல வளைந்து நிற்கும். உள் தகட்டில் 15 மி.மீ.க்கு ஒன்று வீதம் 1 மி.மீ. துளைகள் போட்டுவிட்டால் கரைப்பான் அந்த வழியே ஆவியாகிவிடும். பசையைத் தூரிகை நுனியில் தொட்டு விளிம்பில் வையுங்கள், அது தானே உள்ளே ஓடும். பரப்பில் பூச வேண்டாம். எம்இகே, மெத்திலீன் குளோரைடு எதுவானாலும் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் வேலை.

ரேடியேட்டர் சட்டங்கள், ஹாரன், பஃபர், விளக்குக் கூடு, போகிப் பக்கச் சட்டம் ஆகியவற்றை ரெசினில் 3டி பிரிண்ட் செய்வதே இன்றைக்கு நல்ல வழி. 0.05 மி.மீ. அடுக்கு போதும். தட்டையாகப் படுக்க வைத்து அச்சிட்டால் அடிப்பாகம் விரிந்து பிதுங்கும். 30 முதல் 45 பாகை சாய்த்து, தாங்கு கம்பிகள் பின்புறத்தில் மட்டும் வரும்படி வையுங்கள். கழுவிய பாகம் முழுக்கக் காய்வதற்கு முன் யுவி விளக்கில் வைத்தால் மேலே வெள்ளை படியும். ரெசின் உடையக்கூடியது என்பதால் படிக்கட்டு, கேட்டில் கார்டு (பாதையில் நிற்கும் மாடுகளைத் தள்ளும் முன்தடுப்பு) போன்ற கை படும் பாகங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றுக்குப் பித்தளைத் தகடு.

கைப்பிடிகளுக்கு 0.4 மி.மீ. பாஸ்பர் வெண்கலக் கம்பி சிறந்தது. பித்தளை ஒருமுறை வளைந்தால் வளைந்தபடியே நிற்கும், வெண்கலம் ஓரளவு திரும்பி வரும். துளை 0.45. துளையிடும் இடத்தை ஊசி முனையால் குத்திவிட்டு, ‘பின் வைஸ்’ எனும் கைத்துளைப்பானால் கையாலேயே திருகுங்கள். மோட்டார் ட்ரில்லின் சூட்டில் பிளாஸ்டிக் உருகித் துளையைச் சுற்றி மேடு கட்டும். எல்லாப் பிடிகளும் ஒரே அகலத்தில் வர, பித்தளைத் துண்டில் இரு வெட்டுகள் போட்டு அதில் மடக்குங்கள். நடைபாதையின் நீள் கைப்பிடியைத் தூண்களோடு சேர்த்து மரப்பலகையில் ஆணி அடித்த அச்சில் வைத்து, மாடலுக்கு வெளியே சால்டர் செய்து முடித்து, பிறகு முழுதாக மாட்ட வேண்டும். உடலில் வைத்துச் சால்டர் செய்தால் பிளாஸ்டிக் போய்விடும். சயனோ பசையில் (சூப்பர் க்ளூ வகை) தூணுக்குத் தூண் ஒட்டினால் நேர்கோடு வராது.

எடை. ஆறு அச்சு எச்ஓ லோகோவுக்கு 350 முதல் 450 கிராம் இருந்தால் நன்றாக இழுக்கும். அதிலும் சமநிலைப் புள்ளி இரு போகிகளுக்கும் சரி நடுவில் இருப்பது முக்கியம். விரலில் வைத்துப் பார்த்தாலே தெரியும். ஈயத்தை வெள்ளைப் பசையில் ஒட்டாதீர்கள். அந்தப் பசையிலிருந்து வரும் அமிலம் ஈயத்தைத் தின்று வெண்பொடியாக்கும்; பொடி உப்பி, மூடிய ஹூட்டை ஒட்டிய இணைப்பில் பிளக்கும். அரால்டைட் போன்ற எபாக்சிதான் சரி.

மின்வேலையை உடல் மூடும் முன்பே திட்டமிடுங்கள். மோட்டாரைக் கையால் பிடித்து நிறுத்தி 12 வோல்ட்டில் எடுக்கும் கரண்டை ஒரு நொடி மட்டும் அளந்து பாருங்கள். அது டீகோடரின் (மோட்டாரையும் விளக்கையும் கட்டுப்படுத்தும் சிறு மின்பலகையின்) வரம்புக்குள் இருக்க வேண்டும். விளக்குக்கு 1.6 × 0.8 மி.மீ. சிறு எல்இடி, ஒவ்வொன்றுக்கும் 1 கிலோ ஓம். 14 வோல்ட் தடத்தில் எல்இடிக்கு 3 போக 11 வோல்ட், ஆக 11 மில்லி ஆம்பியர். அது கூட அதிகம். பழைய லோகோவின் மஞ்சள் வெளிச்சத்துக்கு 4.7 கிலோ ஓம் போட்டு மங்கலாக்குங்கள். ஒலி வேண்டுமென்றால் ஸ்பீக்கரின் பின்பெட்டி காற்றுப் புகாமல் மூடியிருக்க வேண்டும். ஓர் ஊசித் துளை இருந்தாலும் ஆல்கோவின் அடித்தொண்டைச் சத்தம் கொசுச் சத்தமாகிவிடும்.

கப்ளர் (வண்டிகளை இணைக்கும் கொக்கி) உயரத்தில் ஒரு பொறி இருக்கிறது. இந்திய அகலப்பாதையில் பஃபர் மையம் தண்டவாளத்திலிருந்து அதிகபட்சம் 1105 மி.மீ., அதாவது மாடலில் 12.7. அமெரிக்க எச்ஓ தரத்தில் கப்ளர் 9.9 மி.மீ. உயரத்தில் இருக்கும். எல்லாப் பெட்டிகளையும் நீங்களே கட்டுகிறீர்கள் என்றால் 12.7-இலேயே வையுங்கள், முகப்பு சரியாக வரும். வாங்கிய வண்டிகளை இழுக்க வேண்டுமென்றால் 9.9-க்கு இறக்க வேண்டும். அப்போது பஃபர் பீமுக்குக் கீழே கப்ளர் தொங்குவதை ஏர் ஹோஸ்களால் ஓரளவு மறைக்கலாம். எதுவானாலும், படிக்கட்டையும் கேட்டில் கார்டையும் நிரந்தரமாக ஒட்டும் முன் 610 மி.மீ. ஆரமுள்ள வளைவில் இரு திசையிலும் ஓட்டுங்கள். போகி திரும்பும்போது எங்கே இடிக்கிறது என்று பார்த்து அந்தப் பாகத்தின் உட்புறத்தைத்தான் சீவ வேண்டும், போகியை அல்ல.

பெயின்டில் பொறுமை தவிர வேறு ரகசியம் இல்லை. சாம்பல் ப்ரைமர் அடித்ததும் குறைகள் எல்லாம் வெளியே வரும். அடைத்து, தேய்த்து, மறுபடி ப்ரைமர். மஞ்சளோ ஆரஞ்சோ அடிக்கப் போகும் இடத்துக்கு வெள்ளை அடித்தளம் கொடுங்கள், சாம்பல் மேல் அவை அழுக்காகத் தெரியும். ஏர்பிரஷ் 15 முதல் 20 பிஎஸ்ஐ. மாஸ்கிங் டேப்பை ஒட்டியதும் அதன் விளிம்பில் முதலில் அடியிலுள்ள நிறத்தையே ஒரு மெல்லிய கோடு அடித்துவிட்டால், கசிவது அந்த நிறமாகத்தான் இருக்கும். மேல் கோடு கத்தியால் வெட்டியது போல வரும்.

எழுத்துகளுக்கு டெகால் (நீரில் நனைத்து ஒட்டும் அச்சுப்படம்) அச்சிடும்போது, 100 மி.மீ. எழுத்து மாடலில் 1.15 மி.மீ. என்பதை நினைவில் கொள்ளுங்கள். 600 டிபிஐயில் அது 27 புள்ளிதான். ஆங்கில எண் தப்பிக்கும், தேவநாகரி எண்ணின் சுழிகள் ஒட்டிக்கொள்ளும். 1200-இல் அச்சிடுங்கள். சாதாரண லேசர் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் வெள்ளை டெகால் தாளில் சுற்றிலும் உடல் நிறத்தை அச்சிட வேண்டும், அந்த நிறம் பெயின்டோடு பொருந்த நாலைந்து சோதனைத் தாள் போகும். டெகாலைப் பளபளப்பான வார்னிஷ் மேல்தான் ஒட்ட வேண்டும். மேட் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல மின்னும்.

அழுக்கேற்றுவதைக் கூரையில் தொடங்குங்கள். திராட்டிலைத் திறந்ததும் டர்போ வேகம் பிடிக்கும்வரை ஆல்கோ கரும்புகை கக்கும்; புகைபோக்கியைச் சுற்றிலும் அதன் பின்னும் கரி படியும். கருப்புச் சாக்பீஸ் பொடியை உலர்ந்த தூரிகையால் தொட்டு வையுங்கள். போகியில் பிரேக் தூசியின் துருப் பழுப்பு, டீசல் டேங்கின் வாய்க்குக் கீழே ஈரமாக மின்னும் ஒழுகல். இந்த இரண்டும் எதிரெதிர் குணம், ஒன்று உலர்ந்தது, மற்றொன்று பளபளப்பு. எல்லாவற்றின் மேலும் ஒரே மேட் வார்னிஷ் அடித்தால் அந்த வேறுபாடு செத்துவிடும். ஆகவே ஒழுகலை மேட் வார்னிஷுக்குப் பிறகு, பளபளப்பு வார்னிஷில் பழுப்பு கலந்து இழுங்கள்.

ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றுக்கும் கடைசி. சயனோ பசையின் ஆவி தெளிந்த பிளாஸ்டிக்கில் வெண்மையாகப் படியும், துடைத்தாலும் போகாது. ஃபெவிகால் ஒரு சொட்டு, பல்குச்சி முனையில். ஒட்டிய பிறகு ஒரு நாள் உடலைச் சேஸிஸில் மாட்டாமல் திறந்தே வையுங்கள். உள்ளே ஈரம் தங்கினால் கேப் கண்ணாடியில் பனி பிடிக்கும்.