நோட்டுப் புத்தகம் செய்துவந்த வேலை

வளர முடியாமல் திணறும் நிறுவனங்களில் சோம்பேறித்தனத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. அளவுக்கு மீறிய உழைப்பைத்தான் பார்த்திருக்கிறேன். காலையில் முதலில் வந்து இரவில் கடைசியாகக் கிளம்புபவர் முதலாளிதான். ஆனால் எல்லாக் காகிதமும் தேங்கிக் கிடப்பதும் அவர் மேஜையில்தான். சிறு நிறுவனங்களுக்கு பில்லிங், ஸ்டாக் மென்பொருள் அமைத்துத் தருவது என் வேலை. அதில் மென்பொருளுக்கு ஆகும் நேரம் கொஞ்சம். மீதியெல்லாம் பழக்கங்களோடு மல்லுக்கட்டுவதிலேயே போகும்.

இது புதிய சங்கதி இல்லை. நியூயார்க்கில் எடிசனின் மின் நிலையம் 1882-ல் இயங்கத் தொடங்கியது. அமெரிக்கத் தொழிற்சாலைகள் மின்சாரத்தின் முழுப் பலனைக் கண்டது 1920-களில். நீராவிக் காலத்தில் ஒரே ஒரு பெரிய எஞ்சின், கூரையை ஒட்டி ஓடும் நீண்ட ஷாஃப்டை, அதாவது இரும்புத் தண்டைச் சுழற்றும். அதிலிருந்து பெல்ட் வழியாக எல்லா இயந்திரங்களுக்கும் விசை போகும். எந்த இயந்திரம் எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்த ஷாஃப்ட்தான் தீர்மானித்தது. மின்மோட்டார் வந்ததும் பலர் செய்தது, எஞ்சினைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மோட்டாரை வைத்ததுதான். ஷாஃப்டும் பெல்ட்டும் அப்படியே ஓடின. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் பொருத்தி, வேலை நகரும் வரிசைப்படி இடத்தை மாற்றிப் போட்ட பிறகே உற்பத்தி உயர்ந்தது. பொருளியல் வரலாற்றாளர் பால் டேவிட் 1990-ல் இதைக் கணினியோடு ஒப்பிட்டு எழுதினார். எனக்கு அது தினசரிக் காட்சி. கணினி பில் போடும். பக்கத்திலேயே ஒருவர் அதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்.

ஒரு கிடங்கில் பொறுப்பாளர், வயதில் மூத்தவர், “சிஸ்டம் சொல்றது இருக்கட்டும் தம்பி, நோட்டு என்ன சொல்லுதுன்னு பாருங்க” என்றார். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். விஷயமெல்லாம் ஓரக்குறிப்புகளில் இருந்தது. ‘பெட்டி நனைஞ்சு வந்தது.’ ‘இவங்க சரக்கை எண்ணித்தான் இறக்கணும்.’ ‘பில் நாளைக்கு, லாரி போயாச்சு.’ எங்கள் திரையில் இதில் ஒன்றைக்கூடப் பதிய இடமில்லை. சேதமான சரக்குக்குத் தனிக் கணக்கு, குறிப்பு எழுத ஒரு கட்டம், பில் வருவதற்கு முன்பே சரக்கு வெளியேறியதைப் பதிய ஒரு வழி என்று சேர்த்துக் கொடுத்தோம். அதன்பின் நோட்டை நிறுத்தச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. பக்கங்கள் குறைந்துகொண்டே வந்து அதுவாக நின்றுபோனது.

அதற்குப் பிறகு எந்த நிறுவனத்துக்குப் போனாலும், ‘இந்தப் பழக்கம் என்ன வேலை செய்கிறது?’ என்பதுதான் என் முதல் கேள்வி. பணம் கொடுக்கும் ஒவ்வொரு வவுச்சரிலும் முதலாளி கையெழுத்துப் போடுகிறார் என்றால், அந்தக் கையெழுத்து இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, திருட்டைத் தடுக்கிறது. இன்னொன்று, தொழிலின் நாடி அவர் கையில் இருக்கிறது. திருட்டைத் தடுக்க வேறு வழி உண்டு: ஆர்டர் கொடுப்பவர் ஒருவர், சரக்கை எண்ணி வாங்குபவர் இன்னொருவர், பணம் கொடுப்பவர் மூன்றாமவர். ஆர்டர், சரக்கு ரசீது, பில் மூன்றும் ஒத்துப்போனால்தான் பணம் போகும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் மட்டும் முதலாளியின் ஒப்புதல். நாடியை இதில் பலர் மறந்துவிடுகிறார்கள். அன்றைய வரவு, வசூலாகாத பாக்கி, போகாத ஆர்டர், இவை அடங்கிய ஒரு பக்கம் தினமும் மாலையில் அவர் கைக்குப் போக வேண்டும். போகவில்லையென்றால் கொஞ்ச நாளில் அவரே வந்து வவுச்சர்களைக் கேட்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்குக் கண்ணைக் கட்டிவிட்டது நாம்தான்.

பெரிய நிறுவனங்களுக்கும் இது சுலபமில்லை. இன்டெல் 1968-ல், கணினியில் தகவலைச் சேமிக்கும் மெமரி சிப் செய்யத் தொடங்கப்பட்ட கம்பெனி. ஜப்பானியப் போட்டியில் அந்தத் தொழில் நொடித்தபோதும் விட மனமில்லை. 1985-ல் கம்பெனியின் பிரசிடென்ட் ஆண்டி குரோவ், தலைமைப் பொறுப்பில் இருந்த கார்டன் மூரிடம் கேட்டார்: நம்மை நீக்கிவிட்டுப் புதியவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார்? மெமரியை விட்டுவிடுவார் என்றார் மூர். அதை நாமே செய்தால் என்ன என்று முடிவெடுத்து, கணினிக்கு மூளை போன்ற மைக்ரோபிராசசர் பக்கம் திரும்பினார்கள். வாடிக்கையாளர்கள் யாரும் பெரிதாக அதிர்ச்சியடையவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. வெளியில் இருப்பவர்களுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

எனக்கு அதிக நாள் பிடித்தது, விலையெல்லாம் தலைக்குள்ளேயே வைத்திருந்த ஒரு முதலாளியிடம். யாருக்கு எவ்வளவு தள்ளுபடி, யாருக்கு எத்தனை நாள் கடன், யாருக்கு முன்பணம் இல்லாமல் சரக்கு ஏற்றக் கூடாது, எல்லாம் மனப்பாடம். ஆள் குறைவாக இருந்த காலத்தில் அதுதான் அவர் பலம். மற்றவர் கொட்டேஷன் தயார் செய்வதற்குள் இவர் போனிலேயே ஆர்டரை முடித்துவிடுவார். ஆள் பெருகியதும் விற்பனைப் பையன்கள் விலை கேட்டு அவர் அறை வாசலில் வரிசைகட்டினார்கள். அவர் ஊரில் இல்லாத நாளில் ஒரு கொட்டேஷனும் நகராது.

விலைப்பட்டியல் போட்டோம். இந்த வரம்புக்குள் தள்ளுபடி தரலாம், தாண்டினால் மட்டும் அவரிடம் வர வேண்டும் என்று வைத்தோம். பட்டியல் கையில் இருந்தும் பையன்கள் அவரைத்தான் கேட்டார்கள், அவரும் சொன்னார். தன்னிடம் வந்து கேட்பது அவருக்குப் பிடித்திருந்தது. இதற்கு மென்பொருளில் மருந்து கிடையாது. அவருடைய மேனேஜர்தான் வழி கண்டுபிடித்தார். “ஐயா, பேரம் முடிஞ்ச பிறகு பாருங்க. எங்க தப்புப் பண்ணியிருக்காங்கன்னு வாரக் கடைசியில சொல்லிக் கொடுங்க” என்றார். வாரக் கடைசியில் பையன்களோடு உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கும் அந்தப் பழக்கம் அவருக்கு ஒட்டிக்கொண்டது. கேட்க வருபவர்களுக்கு விலை சொல்வதைவிட, சொல்லிக் கொடுப்பது இன்னும் மரியாதையான வேலை அல்லவா?

பழைய வாடிக்கையாளர் சிலர் இன்றும் நேரே அவர் போனுக்குத்தான் அழைக்கிறார்கள். அதை விட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை. சரக்கில் குறை என்றால் முதல் புகார் வருவது அந்தப் போனில்தான்.