ஊன்றக் கூடாத மூன்று மாதம்

காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்களுக்கு மாந்தோப்பு. பைக் விபத்தில் நொறுங்கிய கணுக்கால், கூடிய பிறகும் தேய்ந்துகொண்டே போனதால், பெங்களூரில் மாற்று மூட்டு வைத்துக்கொண்டேன். ஐந்து வருடம் பிரச்சினை இல்லை. அப்புறம் காலையில் எழுந்து முதல் அடி வைத்தாலே உயிர் போனது. எக்ஸ்ரேயில் பார்த்தால், தாலஸ் என்கிற கணுக்காலின் கீழ் எலும்பில் பதித்த உலோகத் துண்டு அமுங்கிச் சாய்ந்திருந்தது.

மூட்டை எடுத்துவிட்டு எலும்புகளையே இணைத்துவிடலாம் என்றார் டாக்டர். ஆனால் உடனே செய்யவில்லை. கிருமி இருக்கிறதா என்று ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்தச் சோதனைகள் பார்த்தார், மூட்டு நீரையும் ஊசியில் எடுத்துச் சோதித்தார். கிருமி இருந்தால் முதலில் அதை அடக்க வேண்டுமாம். இந்தச் சோதனை நடந்ததா என்று கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். பீடியை விடாவிட்டால் எலும்பு கூடுவது சந்தேகம் என்றார். அன்றோடு விட்டேன்.

மூட்டை எடுத்த இடத்தில் பள்ளம் விழும். அப்படியே சேர்த்தால் கால் குட்டையாகும். அதனால் இடுப்பெலும்பிலிருந்து எலும்பு எடுத்து அடைத்து, குதிகால் வழியாகக் கீழ்க்கால் எலும்புக்குள் நீளக் கம்பி ஏற்றினார்கள். இதில் கணுக்காலுக்குக் கீழுள்ள மூட்டும் சேர்ந்தே இணைந்துவிடும். பாதம் மேலும் கீழும் அசையாது, பக்கவாட்டிலும் திரும்பாது. கையெழுத்துப் போடும் முன் என் மனைவிதான் இதைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெளிவாக்கினாள். முதல் சில நாள் காலைவிட இடுப்புதான் வலித்தது.

பங்குனியில் ஆபரேஷன். மூன்று மாதம் கால் ஊன்றக் கூடாது. மாவுக்கட்டில் பாலித்தீன் பை கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து குளியல். கக்கூஸுக்குப் போவதற்கே வாக்கரில் தத்தித் தத்தி வியர்த்துவிடும். அறுவடை நேரம் வேறு. காம்பில் பால் காயாத செந்தூரா ஒன்றைத் தம்பி கட்டிலில் வைத்துவிட்டுப் போனான். அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

ஸ்கேனில் எலும்பு கூடியது தெரிந்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக ஊன்ற விட்டார்கள். கால் சற்றுக் குட்டைதான். ஷூவில் அரை அங்குலம் உயர்த்தி, அடியை வளைவாகச் செய்து கொடுத்தார்கள்; பாதம் உருண்டு முன்னே போகிறது. சம்மணம் கஷ்டம், குந்தி உட்கார முடியாது. வரப்பில் இறங்கும்போது பக்கவாட்டாகத்தான் இறங்குகிறேன். தையில் பூவுக்கு மருந்தடித்த அன்று காலை முழுக்கத் தோப்பில் நின்றேன். சாயங்காலம் பாதம் கொஞ்சம் வீங்கியிருந்தது, வலி இல்லை.