மாமன் மகள் கொண்டுவந்த ராஜ்ஜியம்

போன வாரம் சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கல்யாண விருந்து. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பா, "இப்பல்லாம் யாருப்பா மாமன் மகளைக் கட்டுறா?" என்று அலுத்துக்கொண்டார். எனக்கு உடனே சோழர்கள் ஞாபகம்தான் வந்தது.

முதலாம் ராஜராஜன் தன் மகள் குந்தவையை (அக்கா குந்தவை வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்) வேங்கியை (இன்றைய ஆந்திரப் பகுதி) ஆண்ட சாளுக்கியன் விமலாதித்தனுக்குக் கொடுத்தான். அவர்கள் மகன் ராஜராஜ நரேந்திரன் தாய்மாமன் ராஜேந்திரனின் மகள் அம்மங்கையைக் கட்டினான், அந்த அம்மங்கை பெற்ற பிள்ளையும் தன் மாமன் மகள் மதுராந்தகியையே கட்டினான். மூன்று தலைமுறையாக விடாமல் சம்பந்தம்! 1070இல் சோழ மன்னன் அதிராஜேந்திரன் இறந்ததும் அரியணைக்கு வந்தது அந்தப் பிள்ளைதான், முதலாம் குலோத்துங்கன். அப்பா வழியில் சாளுக்கியன், அம்மா வழியில் சோழன். காவிரியும் கோதாவரியும் ஒரே குடையின் கீழ் வந்தன.

இதை எல்லோரும் ராஜராஜனின் ராஜதந்திரம் என்பார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் வேங்கிக்கு வாழ்க்கைப்பட்டுப் போன அந்தப் பெண்கள் பாடப்புத்தகத்தில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறார்கள், எனக்கு அதுதான் உறுத்தல்.

பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொல்லி, 1077இல் குலோத்துங்கன் 72 பேரைச் சீனாவுக்குத் தூது அனுப்பிய கதைக்கு வந்தேன். "நம்ம கடல் வழியாவா போனாங்க?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் பாயசம் வாங்க எழுந்துவிட்டார்.