ஷெட்டில் நிற்கும் பத்மினி

ஹாட் ராட், அதாவது வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார், என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 1932 ஃபோர்டு. மட்கார்டு, பம்பரையெல்லாம் கழற்றி, வி8 இன்ஜினை முறுக்கேற்றி, கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிகளில் விரட்டினார்கள். சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு ஷெட்டில் நிற்பது பிரீமியர் பத்மினி கார். அதைத்தான் ஹாட் ராட் பாணியில் மாற்றிக்கொண்டிருக்கிறேன். 1089 சிசி, ஸ்டியரிங்கை ஒட்டியே கியர்.

கூரையை அறுத்துத் தாழ்த்தலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். முடியாது என்றுவிட்டேன். அந்த ஃபோர்டில் சேஸிஸ் என்ற அடிச்சட்டம் தனி, பாடி தனி. பத்மினியில் பாடியேதான் சேஸிஸ்; கூரையைத் தாங்கும் தூணை அறுத்தால் மொத்த வண்டியும் தளர்ந்துவிடும்.

முதலில் தரைத்தகடு. கார்ப்பெட்டை உரித்து, டிரைவர் காலடியில் ஸ்க்ரூடிரைவரை அழுத்தினால் உள்ளே போகிறது, அவ்வளவு துரு. செவ்வாய்ப்பேட்டையில் தகடு வாங்கி வந்தேன். டிங்கர் அண்ணன் புள்ளி புள்ளியாக வெல்டு வைத்தார்: இந்த ஓரம் ஒன்று, எதிர் ஓரம் ஒன்று. ஒரே இழுப்பாக இழுத்தால் மெல்லிய தகடு சூட்டில் நெளிந்துவிடும். "பொறுங்க தம்பி, ஆறட்டும்" என்று கையால் தொட்டுப் பார்த்துத்தான் அடுத்த புள்ளி. பட்டி போட்டு மறைக்கும் வேலை எனக்கு அறவே பிடிக்காது. உள்ளே துரு தின்றுகொண்டேதான் இருக்கும்.

இன்ஜின் அதேதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்ற விடாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நிறத்தை மாற்றி ஆர்.சி.யில் பதிந்துகொள்ளலாம். பளபளப்பில்லாத கறுப்பு அடிக்கப்போகிறேன்.

அதற்கு முன் பிரேக். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள்; நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். இறக்கத்தில் காலை எடுக்காமல் மிதித்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். டிரம்மை லேத்தில் கடைந்து, புது லைனிங் ஒட்டக் கொடுத்திருக்கிறேன். அது வந்த பிறகுதான் பெயிண்ட்.